ராஜமதி பார்த்த வளைவு

தேவேந்திரன் சாருக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. இதை நான் வெளியே சொல்லக் கூடாது. சொன்னது தெரிந்தால் என் மனைவி ராஜமதி ஒரு மாதத்துக்கு என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பரவாயில்லை, பேசாத மாதங்கள் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை.

செஞ்சி காந்தி பஜாரில் எங்கள் கடை இருக்கிறது. ஒரே ஷட்டர், உள்ளே இரண்டு தொழில். இடது பக்கம் ராஜமதியின் கண்ணாடிக் கடை. வலது பக்கம் என்னுடைய ஜெராக்ஸ் மெஷினும், ஃபிளக்ஸ் டிசைன் செய்யும் ஒரு கம்ப்யூட்டரும். டிசைன் இங்கே, பிரிண்ட் திண்டிவனத்தில். என் பெயர் விருஷபதாஸ். பஜாரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ‘கண்ணாடிக்காரம்மா வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

கண்ணாடிக் கடையை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா வர்த்தமான். அவர் வைத்த விதி ஒன்று உண்டு: ஒருவருடைய கண்ணில் என்ன குறை, என்ன பவர் என்பது கடையை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த ஊரில் அந்த விதிக்குக் காரணம் இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்தப் பெண்ணின் கண்ணாடி அன்றைக்குப் பீரோவுக்குள் போய்விடும். மாப்பிள்ளை வீட்டு அத்தைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஃபிரேம் விலை கேட்பதுபோல் கடைக்கு வந்து, “அந்த வீட்டுப் பொண்ணு உங்ககிட்டதான் வருதா? இன்னா பவரு?” என்று மெதுவாக நூல் விடுவார்கள். மாமனார் சிரிக்காமல், “உக்காருங்கம்மா, மொதல்ல உங்க கண்ண பாப்போம்” என்பார்.

அந்த விதியின் பலனை முதலில் அனுபவித்தவன் நான்தான். எனக்கு மைனஸ் ஆறு. பத்து வயதிலிருந்து அவர் கையால் கண்ணாடி போட்டவன். ராஜமதியைப் பெண் பார்க்கப் போனபோது பாண்டிச்சேரியில் வாங்கிய காண்டாக்ட் லென்ஸைக் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாமனார் எதிரில் உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நான் லென்ஸ் டப்பாவைத் தேடித் தரையைத் தடவியபோது ராஜமதிக்கு விஷயம் தெரிந்தது.

“நைனாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“அவருதான எனக்குக் கண்ணாடியே போடறாரு” என்றேன்.

நேராகக் கடைக்குப் போய் அவரைக் கேட்டாள். “அவரு கஸ்டமரு. கஸ்டமர் கண்ண பத்திப் பெத்த பொண்ணுகிட்டயும் பேசமுடியாதும்மா” என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. என்னோடு பேசினாள், திட்டுவதற்காக. அப்புறம் அவர் படுத்துவிட, ஒரே மகள் என்பதால் அந்த நாற்காலியில் இவள் வந்து உட்கார்ந்தாள். தன்னைச் சுட்ட விதியை அவள் தூக்கிப் போடுவாள் என்று நினைத்தேன். அப்பாவைவிட இரண்டு மடங்கு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். பவர் தெரியாத பழைய கண்ணாடியை யாராவது கொண்டுவந்தால் பவர் அளக்கும் மெஷினில் வைப்பதற்கு முன்னால் கையில் பார்ப்பாள். வெள்ளை அட்டையில் கறுப்பாக ஒரு கூட்டல் குறி. அதற்கு மேலே கண்ணாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைப்பாள். குறியும் கூடவே நகர்ந்தால் மைனஸ், எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ், திருப்பும்போது கோடுகள் கத்தரிக்கோல் மாதிரி சாய்ந்தால் சிலிண்டர், ஒரு திசைக்கு மட்டும் இருக்கிற பவர். பிறகு மெஷினில் வைத்தால் அவள் சொன்னதுதான் வரும். வளைந்து தெரிகிற ஒன்றைப் பார்த்து, வளைத்தது எது என்று சொல்கிற கண் அவளுக்கு.

தேவேந்திரன் சார் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நல்ல மனுஷன் என்றுதான் அவரைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். ராஜமதியைத் தங்கச்சி என்பார், அந்த முறையில் நான் மாப்பிள்ளை. மூன்று வருடம் முன்னால் ஃபிரேம் மாற்ற வந்தவர், அவள் கூட்டல் குறியை வைத்து லென்ஸ் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “தங்கச்சி, இதே வேலைய வானத்துல செய்றியா?” என்று கேட்டார்.

அவர் சொன்னது இது. விண்வெளியில் சுற்றுகிற தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகத் தொலைவில் இருக்கிற விண்மீன் மண்டலங்களின் வெளிச்சம் வந்து சேரும்போது ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோயிருக்கும். ஆனால் வழியில், சரியாக நேர்கோட்டில், கனமான இன்னொரு மண்டலம் இருந்தால் அதன் ஈர்ப்பு அந்த வெளிச்சத்தை வளைக்கும். சிதறிப் போகவேண்டிய வெளிச்சம் நம் பக்கம் திரும்பும். பின்னால் இருப்பது பெரிதாகவும் பிரகாசமாகவும் தெரியும். இழுபட்டு வில்லாகத் தெரியும், சில சமயம் முழு வளையமாகவே தெரியும். யாரும் செய்யாத லென்ஸ் அது. தொலைநோக்கியால் தனியாகப் பார்க்க முடியாததை அதன் வழியாகப் பார்க்கலாம்.

“கண்ணாடியே இல்லாம லென்ஸா?” என்றாள் ராஜமதி.

“எடைதான் லென்ஸு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நம்ம லென்ஸு ஓரத்துலதான் சார் அதிகமா வளைக்கும். நடுவுல நேரா போவும்.”

“இது தலைகீழ். எடைக்குக் கிட்ட போற வெளிச்சம்தான் ஜாஸ்தி வளையும், தள்ளிப் போனா கம்மி.”

“அப்ப ரொம்ப மோசமான லென்ஸு” என்று அவள் சொல்ல, சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

தொலைநோக்கி அனுப்புகிற படங்கள் லட்சக்கணக்கில் குவிகின்றன. அவற்றில் எதில் வளைவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல உலகம் முழுவதும் சாதாரண ஜனங்களின் உதவியைக் கேட்கும் ஓர் இணையதளம் இருந்தது. சார் தன் பெயரில், தன் மெயிலில் கணக்குத் தொடங்கி, என் டிசைன் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தார். ராஜமதிக்கு லென்ஸ் கேட்டலாக் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். நீளமான வாக்கியம் வந்தால் ஒதுங்கிவிடுவாள். “தனிக் கணக்கு எதுக்கு சார்? ரேஷன் கார்டு யார் பேர்ல இருந்தா இன்னா, சாப்பாடு எல்லாருக்கும்தான” என்றாள். எங்கள் ஊரில் கேஸ், கரண்ட், தண்ணி எல்லாமே யாராவது ஒருவர் பெயரில்தான் இருக்கும், அதனால் மற்றவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை பஜாரில் வெயில் மட்டும்தான் நடமாடும். அந்த நேரம் முழுவதும் அவள் என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். என் டிசைன் வேலை அப்படியே நிற்கும். முதல் வருடம் கத்தினேன், இரண்டாம் வருடம் விட்டுவிட்டேன். பத்தாயிரம் படங்களுக்கு மேல் பார்த்திருப்பாள். பெரும்பாலும் சுருள் மண்டலங்களின் கைகள் வளைவு மாதிரி ஏமாற்றும். “இது தானா வளைஞ்சது, வளைச்சது இல்ல” என்று தள்ளிவிடுவாள்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு படம் வந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு மண்டலம். வலது பக்கம், நகத்தால் கீறியதுபோல் மெல்லிய நீலக் கீற்று. முன்னால் பார்த்தவர்கள் எல்லோரும் சுருள் கை என்று ஒதுக்கியிருந்தார்கள். ராஜமதி ஒதுக்கவில்லை. என் ஜெராக்ஸ் கழிவுத் தாளின் பின்பக்கம் அதை வரைந்தாள். கீற்றில் முதலில் பெரிய புள்ளி, அடுத்து சின்னப் புள்ளி. மஞ்சளுக்கு இடது பக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, அதே இரண்டு புள்ளிகள் வரிசை மாறி நின்றன.

அன்று சாயங்காலம் சார் வந்தார். திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். “எங்கம்மா நீலம்? எனக்கு எல்லாம் அழுக்கு மஞ்சளாதான் தெரியுது.”

“இருக்குது சார். ரெண்டு பக்கமும் ஒரே ஆளுதான். இந்தப் பக்கம் நேரா, அந்தப் பக்கம் கண்ணாடில பாக்கற மாதிரி. ரெண்டுமே நீலம், நடுவுல இருக்கறது மஞ்சள். அதனால இது அதோட கை இல்ல.”

அவள் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் தட்டினார். வரைந்த தாளை, “இத பத்திரமா வெச்சிக்கறேன் தங்கச்சி” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பல மாதம் கழித்துப் பதில் வந்ததாகச் சார் வந்து சொன்னார். விஞ்ஞானிகள் இன்னொரு தொலைநோக்கியைத் திருப்பி அளந்துவிட்டார்கள். நடுவில் இருந்த மஞ்சளின் வெளிச்சம் ஐந்நூறு கோடி வருடம் பயணம் செய்தது. அந்த நீலக் கீற்றோ ஆயிரத்து நூறு கோடி வருடத்துக்கு முன்னால் புறப்பட்டது. அசல் லென்ஸ். கட்டுரை வரப்போகிறது, முதலில் கண்டவரின் பெயர் அதில் ஒரு வரியாக அச்சாகும் என்றார்.

அந்த ஒரு வரிக்காக என் மனைவி ஆசைப்பட்டதுபோல் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நகைக்கு ஆசைப்படாதவள், புடவைக்கு ஆசைப்படாதவள். “வி. ராஜமதி, செஞ்சினு போட்டாங்கன்னா போதும். நைனா பேரோட முதல் எழுத்து வரணும்” என்று என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். ஆங்கிலத்தில் எப்படி எழுதவேண்டும் என்று என் விசிட்டிங் கார்டு டிசைன் ஒன்றின் ஓரத்தில் எழுதிக்கூடப் பார்த்தாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை சாருடைய கண்ணை அவள் சோதித்தாள். நான் மறுபக்கம் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. புரை முற்றிக்கொண்டு வருகிறது, அதனால்தான் நீலம் தெரியவில்லை, எல்லாம் மஞ்சள் படிகிறது, பாண்டிச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றாள். அவருக்குக் கண்ணில் கத்தி என்றால் பயம். கண் கலங்கிவிட்டார். “ஸ்கூலுக்குத் தெரிஞ்சா போர்டே தெரியாத வாத்தியாருன்னு பசங்க சிரிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாத தங்கச்சி.”

“இந்தக் கடையில இருந்து வெளிய போவாது சார்” என்று அட்டையில் தேதி போட்டு எழுதி, டிராயரில் வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மோரை ஊற்றிக் கொடுத்தாள்.

தை கடைசியில் சார் என்னிடம் ஒரு ஃபிளக்ஸ் கேட்டு வந்தார். ராஜமதி அப்போது வீட்டுக்குப் போயிருந்தாள். நீலக் கீற்றுப் படம், அதன் கீழே பெரிய எழுத்தில்: ‘தொலைதூர விண்மீன் மண்டலத்தைக் கண்டறிந்த நம் செஞ்சி மைந்தர் தேவேந்திரன் உரை.’

நான் நிமிர்ந்து பார்த்தேன். “சார், ராஜமதி பேரு?”

“மேடையில சொல்றேன் மாப்ளே. சர்ப்ரைஸா இருக்கட்டும். நீ இப்ப சொல்லிடாத.”

நான் நம்பினேனா? பாதி நம்பினேன். மீதிப் பாதியை நானே அமுக்கிவிட்டேன். ஒரு மனுஷனிடம் முகத்துக்கு நேராக “பொய் சொல்றீங்க” என்று சொல்ல வராத கோழை நான். இரண்டு நாள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஃபிளக்ஸை டிசைன் செய்த கை இந்தக் கைதான்.

கூட்டம் திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஐந்து மணி என்று போட்டிருந்தார்கள். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. ஐந்தரைக்கு முடிந்துவிடும், வந்து சாப்பிடலாம் என்று ராஜமதி சாதத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில் ஃபிளக்ஸைப் பார்த்ததும் நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் படித்தாள். மூலையில் சின்னதாக என் கடைப் பெயர் இருந்தது. அதையும் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சார் நன்றாகப் பேசினார், அதை மறுக்கமாட்டேன். நேர் எதிரே மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, “எல்லாரும் விட்டுட்டத நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டாள்.

“ரெண்டு பக்கமும் ஒரே ஆளுதான்னு பட்டுச்சும்மா. இந்தப் பக்கம் நேரா, அந்தப் பக்கம் கண்ணாடில பாக்கற மாதிரி. அந்த நீலம் கண்ண பறிச்சிது” என்றார்.

வார்த்தைகூட அவளுடையது. கடைசியில் நன்றி சொல்லும்போது, கம்ப்யூட்டர் கொடுத்து உதவிய கண்ணாடிக் கடைக்காரர்களுக்கும் ஒரு நன்றி வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். ராஜமதியும் தட்டினாள். வெளியே வந்தபோது ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிப்போயிருந்தது. யாரோ போண்டாத் தட்டை நீட்டினார்கள், வேண்டாம் என்று தலையசைத்தாள். மூடி வைத்த சாதம் அப்படியே இருந்தது, அன்று பட்டினி.

“உனக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்குது” என்றாள் என்னிடம். அவ்வளவுதான். அவர் செய்ததைவிட நான் செய்ததுதான் அவளுக்கு அதிகமாக வலித்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். கட்டியவன் மறைத்தால் மனசு எங்கே போய் நிற்கும்?

மறுநாள் காலை ஷட்டரைத் திறந்ததும் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அந்தக் கணக்கின் கடிதப் பெட்டியை அவள் அதுவரை திறந்ததில்லை. ஆங்கிலம், அதோடு அது சாருடையது என்று நினைத்திருந்தாள். இப்போது போனை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிப் படித்தாள். விஞ்ஞானிகள் கேட்டிருந்தார்கள்: ‘இந்தக் கணக்கை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்? எந்தப் பெயர்களை அச்சிடவேண்டும்?’ அதற்குக் கீழே சாரின் பதில்: ‘நான் ஒருவன்தான். என் பெயர் தேவேந்திரன்.’

தேதியைப் பார்த்தாள். எழுந்து போய் டிராயரைத் திறந்து அவருடைய கண் அட்டையை எடுத்தாள். இரண்டும் ஒரே தேதி. காலையில் இவளிடம் ரகசியத்தை ஒப்படைத்துவிட்டு, மோரைக் குடித்துவிட்டு, சாயங்காலம் அந்தப் பதிலை எழுதியிருக்கிறார்.

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அழுதாள்.

“அட்டைய குடு” என்று கத்தினேன். “நீலமே தெரியாத மனுஷன் நீலத்த கண்டுபிடிச்சாராம்! அவங்களுக்கு எழுதுவோம். இந்த அட்டைய போட்டோ புடிச்சி அனுப்புவோம். பேரு உனக்கு வந்துடும்.”

அவள் கண்ணைத் துடைத்தாள். “அவரு கண்ணு இந்த டிராயர்ல இருக்குது. அவரு செஞ்சது வெளிய இருக்குது. ரெண்டையும் கலக்காத.”

“வேற சாட்சி இன்னா இருக்குது? நீ வரைஞ்ச தாளக்கூட அவருதான எடுத்துனு போனாரு!”

“சாட்சி இல்ல. அவ்ளோதான்.”

“ஒரு பேருக்கு அவ்ளோ ஆசைப்பட்டியே!”

“ஆசதான். அதுக்காக இத வெளிய எடுத்தா, நாளைக்கு எந்தப் பொண்ணு இந்த நாற்காலியில நம்பி உக்காரும்?” என்று டிராயரை மூடினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னிடமிருந்து காப்பதற்காகத்தான், எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு அவள் அந்தத் தளத்தைத் திறக்கவில்லை. மத்தியானங்களில் நாற்காலி எனக்கே கிடைத்தது, எனக்குத்தான் உட்காரப் பிடிக்கவில்லை. ஃபிளக்ஸுக்காக ஏ-ஃபோர் தாளில் எடுத்த மாதிரிப் பிரிண்ட் ஒன்று மேஜைமேல் கிடந்தது. எழுத்து இருந்த பாதியை அவள் கத்தரித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் கண் சோதிக்கும் நாற்காலிக்கு எதிரே ஒட்டிவைத்தாள்.

சித்திரையில் சார் பாண்டிச்சேரிக்குப் போய் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடித்துக்கொண்டார். ஆனி மாதம், படிக்கிற கண்ணாடிக்காகக் கடைக்கு வந்தார். வேறு கடை இல்லாமலா? ரகசியம் இங்கேதானே இருக்கிறது, இங்கேதான் வருவார். “நல்லா இருக்கியா தங்கச்சி?” என்றார். “உக்காருங்க சார்” என்றாள். மற்ற கஸ்டமரிடம் பேசுகிற அதே குரல். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு லென்ஸாக மாற்றினாள். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டாள். அவர் சின்ன எழுத்து வரை படித்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. தலையை நிமிர்த்திக் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஃபிரேம்கள், காலண்டர், சுவர். எதிரே ஒட்டியிருந்த படத்தில் அவர் கண் நின்றது.

“அடேயப்பா, இன்னா நீலம்! மயில் கழுத்தாட்டம் இருக்குதே. இது இன்னா படம்மா?”

ராஜமதி அட்டையில் அவருடைய பவரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தவில்லை.

“நீங்க கண்டுபிடிச்சதுதான் சார்.”

மெஷின் சத்தத்தை நான் நிறுத்தினேன். சார் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “தங்கச்சி...” என்று ஏதோ சொல்ல வந்தார். சோதனை லென்ஸை அவர் முகத்திலிருந்து அவள் மெதுவாகக் கழற்றினாள்.

“கண்ணாடி வெள்ளிக்கிழமை ரெடியாவும்” என்று சொல்லிவிட்டு, அட்டையை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.